புங்கந்துறைக் காவல்காரி

கொட்டச் சொன்னது பழனியம்மாள் இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் இந்தத் தெருவுக்கு ஏறாது என்றால் இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போகிறேன், அதில் எனக்கொன்றும் தேய்ந்துபோகாது. மாசமாக இருந்த மகளின் மடியரிசியை ஆற்றுமணலில் கொட்ட வைத்தவள், சர்க்கார் கூலிக்காகப் பெற்ற வயிற்றை மறந்தவள் என்று குழாயடியில் பேசுகிறார்களே, அதில் பாதி பாப்பாயி கட்டியது. மீதி, கேட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்தது. பரிசல்காரன் மாதையன் கோலை ஊன்றிக்கொண்டு அங்கேயேதான் நின்றான். அவன் பார்த்தது வேறு. சொன்னால் பழனியம்மாளின் மகளுக்குக் கெடுதல் என்று சாகும்வரை ஊரில் வாயைத் திறக்கவில்லை, என்னிடம் மட்டும்தான் சொன்னான். இப்போது மகளின் மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். இனிச் சொன்னால் யார் வீட்டு அடுப்பும் அணையாது.

பரமத்தி வேலூருக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் இருந்தது புங்கந்துறை. இக்கரை சேலம் ஜில்லா, அக்கரை திருச்சி ஜில்லா. அது எல்லை என்று அதற்கு முன்னே யாருக்கும் தோன்றியதில்லை. அக்கரைக்குப் பெண் கொடுப்பார்கள், அங்கிருந்து பெண் எடுப்பார்கள். பரிசலில் ஏறி ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் கரை வந்துவிடும். மழை பொய்த்து அரிசிக்குத் திண்டாட்டம் வந்தது பாருங்கள், அறுபத்தைந்து வாக்கில், அப்போதுதான் ஜில்லா விட்டு ஜில்லா அரிசி போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. பாலத்தில் போலீஸ் சாவடி போட்டார்கள். பாலத்தை அடைத்தால் அரிசி சும்மா இருக்குமா, துறைகளுக்கு இறங்கி வந்தது. துறைக்குத் துறை நிறுத்தச் சர்க்காரிடம் போலீஸ் ஏது? எல்லையோரத்து ஊர்கள் தங்கள் துறையைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டும், காவல் செலவைச் சர்க்கார் மானியமாகக் கொடுக்கும் என்று தாலுகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஊருக்கு அதுவரை சர்க்காரிலிருந்து வந்தவை வரி கேட்கிற ஆளும் அம்மை குத்துகிற ஆளும்தான். இப்போது துறையில் கீற்றுக் கொட்டகை வந்தது, அரிக்கேன் விளக்கும் மண்ணெண்ணெயும் வந்தன, விசில் வந்தது, காவல் நிற்கிறவர்களுக்குக் கூலி வந்தது. வயல் வெடித்துக் கிடந்த வருஷத்தில் அந்தக் கூலி ஊருக்கே ஒரு தெம்பு. பாப்பாயியின் புருஷனுக்கு ராத்திரிக் காவல் கிடைத்தது. அவன் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் மானியத்தில் ஒரு முடிச்சு இருந்தது. அரிசி மூட்டையில் வந்ததைவிடப் பெண்களின் இடுப்பிலும் மடியிலும் வயிற்றிலும் கட்டிக்கொண்டு வந்ததுதான் அதிகம். ஆண் கை அங்கே போக முடியாது. பெண் ஆள் இல்லாத துறைக்கு மானியம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் யார் முன்வருவார்கள்? இன்றைக்குத் தடவிப் பார்க்கிற பெண்ணின் வீட்டுக்குத்தான் நாளைக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் வெங்கடாசலம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கடைசியில் பழனியம்மாளிடம் வந்தார்.

பழனியம்மாள் புருஷனை இழந்தவள். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிப் பிழைத்தவள். அந்த வருஷம் தண்ணீரில்லாமல் கொடி கருகி, கொடிக்காலே விறகாகிக் கிடந்தது. அவளுக்கிருந்த ஒரே மகள் சௌந்திரத்தை அதற்கு முந்தின வருஷத்து ஆவணியில்தான் அக்கரையில் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"ஏனுங், அந்தக் கொட்டாயி எந்தப் பக்கம் பாத்துப் போட்டிருக்குது?" என்று கேட்டாளாம்.

தலைவருக்கு விளங்கவில்லை. "ஆத்தப் பாத்துத்தான். அக்கரையில இருந்து வர்ற பரிசலு தெரியோணுமில்ல?"

"அப்ப நான் வாரனுங்."

கூலிக்கு ஆசைப்பட்டுப் போனாள் என்கிறார்களே, இதற்காகத்தான் போனாள். மகள் இருக்கிற திசையைப் பார்த்து உட்காரச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுத்தால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? கொட்டகையில் உட்கார்ந்தால் தண்ணீருக்கு அப்பால் அக்கரைத் தென்னைகள் தெரியும். தென்னைக்குப் பின்னால் எழுகிற புகையில் எது சம்பந்தி வீட்டுப் புகை என்று அவளாக ஒன்றை நினைத்துக்கொள்வாள். அது காலையில் தாமதமாக எழுந்தால், 'இன்னிக்கு ஏன் இத்தன நேரம், புள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா' என்று மனசு அடித்துக்கொள்ளும்.

பெண்களைத் தடவினாள் என்பதும் பொய். அவள் யார்மேலும் கை வைத்தவள் இல்லை. கொட்டகை முன்னால் ஒரு துவைகல் கிடந்தது. பரிசலிலிருந்து இறங்கி வருகிறவளை, "வெயில்ல வந்திருக்கறே, சித்த உக்காரு சாமி, தண்ணி குடி" என்பாள். அவ்வளவுதான். மெய்யாகவே மாசமாக இருப்பவள் கையைப் பின்னால் ஊன்றி, மெல்ல உட்காருவாள். அரிசி கட்டியிருப்பவள் கை முன்னால் போகும், முடிச்சு நழுவாமல் வயிற்றைப் பிடித்துக்கொள்ள. பழனியம்மாள் அதைப் பார்த்துவிட்டால் அதட்ட மாட்டாள்.

"அவுத்து வச்சுட்டுப் போ சாமி" என்பாள். கேட்டவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள். இவள் தண்ணீர்ச் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுத்த பரிசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒருநாள் வந்து உட்கார்ந்தவள் பாப்பாயி. புருஷன் ராத்திரிக் காவல், பெண்டாட்டிக்குப் பகல் வியாபாரம். கலியாணமாகிப் பதினைந்து வருஷமாகப் புழு பூச்சி இல்லாதவள், திடீரென்று நிறைமாதக்காரியாகப் பரிசலிலிருந்து இறங்கினாள். மாதையனே சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உக்காரு பாப்பாயி."

"ஏனக்கா, என்னயுமா? அடுத்தூட்டுக்காரியவா?"

"கல்லு எல்லாருக்கும் பொதுவுதான். உக்காரு."

அவிழ்த்து வைத்துவிட்டு எழுந்த பாப்பாயியின் முகம் வெந்துபோயிருந்தது. துறையில் கூடியிருந்த அத்தனை பேர் காதிலும் விழட்டும் என்றே கேட்டாள்: "உன்ற மவ அக்கரையிலதான இருக்கறா? அவ ஒருநாளைக்கு மடி நெறைய வாங்கிட்டு வராமயா போயிருவா? அன்னிக்குப் பாக்கறோம், இந்தக் கல்லு பொதுவா இல்லையான்னு."

"வரட்டும்" என்றாள் பழனியம்மாள். "அவளையும் இதுலதான் உக்காரச் சொல்லுவேன்."

சொல்லியிருக்க வேண்டாம். பிடிவாதக்காரி, சொல்லிவிட்டாள்.

மாசமாக இருந்த சௌந்திரத்துக்குத் தை மாதம் ஏழு ஆனது. நம் பக்கத்து வழக்கப்படி தாய் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். பழனியம்மாள் புளிச்சோறும் எள்ளுச்சோறும் தயிர்ச்சோறும் கட்டி, சொந்தக்காரப் பெண்கள் இரண்டொருவரோடு பரிசலேறினாள். போகும்போது ஒரு தொந்தரவும் இல்லை. பகல் காவல்காரன்கூட, "ஆக்கின சோத்துக்குத் தடை இல்லீங்களே, இருந்தாலும் நல்ல சோறான்னு பாக்கறது எங்க கடமையுங்" என்று ஒரு உருண்டை வாங்கித் தின்றுவிட்டுத்தான் விட்டான்.

அக்கரையில் விருந்து நன்றாகவே நடந்தது. சம்பந்தி அங்கம்மாள் கைதாராளம் உள்ளவள், வாயும் தாராளம். வளையல் போட்டு, சந்தனம் பூசி, கிளம்புகிற நேரத்தில் மருமகளைக் கிழக்கே பார்த்து நிறுத்தி மடி நிரப்பினாள். தேங்காய், மஞ்சள், வெற்றிலை, அப்புறம் அரிசி. ஒரு கை போட்டால் சாஸ்திரத்துக்குப் போதும். அங்கம்மாள் அள்ளி அள்ளிப் போட்டாள். அறுவடை முடிந்து புழக்கடையிலேயே குத்திய புது அரிசி.

"உங்க பக்கம் அரிசிக்குத் தவிக்கறாங்களாமே சம்பந்தி. என்ற மருமவ எங்கூட்ல இருந்து போறப்ப மடி தளும்பத்தான் போவோணும்" என்றாள்.

பழனியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். போதும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பிள்ளைத்தாய்ச்சியின் மடி நிறைகிற நேரத்தில் போதும் என்கிற சொல்லை எந்த வாய் சொல்லும்? விழுங்கிக்கொண்டாள். மகளைத் துறைவரை கொண்டுவிட அங்கம்மாளும் கூடவே பரிசலில் ஏறினாள். வழி நெடுக அவள் பேசிக்கொண்டு வந்தாள். பழனியம்மாளின் கண் மகளின் மடியிலேயே இருந்தது.

அன்றைக்குப் பார்த்துப் பாப்பாயி துறையில் நின்றாள். தற்செயலாக நின்றாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடவே, இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்துவிட்டுப் போன பழைய ஆட்கள் நாலைந்து பேர்.

சௌந்திரம் இறங்கினாள். மடி முன்னால் தொங்கியது. பாப்பாயிதான் வாயைத் திறந்தாள்.

"பழனியக்கா, கல்லு காலியாத்தான கெடக்குது. புள்ள வெயில்ல வந்திருக்குது, உக்கார வெக்கறதில்லையா?"

பழனியம்மாள் கல்லைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே கடைசிவரை தெரியாது. அதைச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பையே மகள் அவளுக்குக் கொடுக்கவில்லை. சௌந்திரம் அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அந்த முகம் அத்தனை பேர் நடுவில் சிறுத்துப் போவதைப் பெற்ற பெண்ணால் பார்க்க முடியவில்லை. மடியின் முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டாள். அரிசி சொரிந்து மணலில் கொட்டியது. தேங்காய் உருண்டு தண்ணீருக்குப் போக, மாதையன் குனிந்து பிடித்தான்.

பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்த அங்கம்மாளுக்கு, அவிழ்த்த கை தெரியவில்லை. மணலில் கிடந்த அரிசிதான் தெரிந்தது.

"ஆரு கொட்டச் சொன்னது?"

சௌந்திரம் வாயைத் திறந்தாள். அவள் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பழனியம்மாளுக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சி தன் மடியைத் தானே கொட்டினாள் என்றால், அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு சளி பிடித்தாலும் அந்த வீட்டில் இவள் தலையில்தான் விடியும். காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

"நாந்தான்" என்றாள் பழனியம்மாள். "கொட்டுன்னு நாந்தான் கண்ணக் காட்டினேன்."

அங்கம்மாள் ஒரு சொல் கத்தவில்லை. மருமகளின் தோளைப் பிடித்துத் திருப்பிப் பரிசலில் ஏற்றினாள்.

"மடி கொட்டின தொறையில என்ற மருமவ கால் வெக்க மாட்டா. பிரசவம் எங்கூட்லயே ஆவட்டும். நீயி இந்தச் சர்க்கார் உத்தியோகத்தக் கட்டிட்டு அழு. அத உட்டுப்போட்டு வந்தீன்னா அப்பப் பேசிக்கலாம். அது வரைக்கும் எங்க படி மிதிக்காத."

பரிசல் போயிற்று. சௌந்திரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று மாலையே பழனியம்மாள் தலைவர் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"எனக்கு இந்த வேல வேண்டாமுங்."

"வேண்டாமா? பொம்பள ஆளு இல்லீன்னா மானியம் நின்னுபோவும், தெரிஞ்சுதான பேசற?" என்றார் வெங்கடாசலம். "மத்த காவக்காரனுங்க ஊட்ல அடுப்பு இதுலதான் எரியுது. அதிகாரி வந்து பாத்துட்டுப் போற வரைக்குமாச்சும் இரு. பொறவு வேற ஆளப் பாத்துக்கலாம்."

வேறு ஆள் அகப்படவே இல்லை. காலையில் அவளைக் கண்டால் காறித் துப்புகிற பெண்கள் பொழுது சாய்ந்ததும் வாசலில் வந்து நின்றார்கள், போய்விடாதே அக்கா என்று. பாப்பாயியும் வந்தாள். புருஷன் கூலி நின்றுவிடுமே! மானியத்தைத் தின்றது ஊர் முழுக்க. பழியைத் தின்றது ஒருத்தி.

அவளுக்குள்ளேயும் ஒரு முரண்டு இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது விட்டுவிட்டுப் போனால் அத்தனை பேரையும் தடுத்தது தப்பு, மகளுக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். நான் ஏன் ஓட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்து நினைத்து உட்கார்ந்திருந்ததில் மாசி போய்விட்டது.

பங்குனியில் ஒருநாள் மாதையன் நடு ஆற்றிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்.

"பழனியக்கோவ்! பேத்தி! ரெண்டு உசுரும் சொகம்!"

அவள் எழுந்தாள், மறுபடி அந்தத் துவைகல்லிலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஆரு சாயல்டா மாதையா?" என்று கேட்டாள்.

"நானென்ன உள்ள போயா பாத்தேன்? கத்தறது மட்டும் உன்ற சாயலாம், அங்கம்மாவே சொல்லுச்சு."

அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பை மாதையன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். பேத்திக்கு வசம்பு வளையல் கட்டவில்லை, மருந்து உரைத்து நாக்கில் தடவவில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அத்தனையும் அக்கரையில் யார் கையாலோ நடந்தது.

ஆடியில் ஆறு நிறைந்து ஓடியது. பரிசல் நின்றது, அக்கரை வெறும் பச்சைக் கோடாயிற்று. பரிசல் ஓடாத துறையில் சோதிக்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் அவள் விடிந்ததும் போய்க் கொட்டகையில் உட்கார்ந்தாள். தண்ணீர் வடிந்ததும், அங்கம்மாள் வீட்டுப் பெண்கள் அக்கரையில் துணி துவைக்க வரத் தொடங்கினார்கள். அதில் மகள் யார் என்று அவளுக்குத் தெரியும், சீலையை வைத்து அல்ல, துணியை ஓங்கி அடித்துவிட்டு ஒரு கணம் நின்று பார்க்கிற தோரணையை வைத்து. கூடவே மாமியார் இருப்பாள், அதனால் கூப்பிட முடியாது, கையசைக்க முடியாது. சௌந்திரம் இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கம் முகம் தெரிய மாற்றி வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டால் பழனியம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். வராத நாளில் அரைக் கஞ்சியோடு எழுந்துவிடுவாள்.

மறு வருஷம் சித்திரையில் ஆறு சுண்டிவிட்டது. இங்கே மணல், அங்கே மணல், நடுவில் பரிசல் போக மட்டும் ஒரு மடு. அக்கரை அத்தனை கிட்டே வந்திருந்தது. காற்று இப்படி அடித்தால் குழந்தை சிணுங்குவதுகூடக் கேட்டது. ஒரு காலையில் பழனியம்மாள் முன்னால் ஒருத்தி கல்லில் வந்து உட்கார்ந்தாள். முன்னால் போனது அவள் கை. அரிசிதான். பழனியம்மாள் வாயெடுக்கும் நேரத்தில் பார்வை அக்கரைக்குப் போயிற்று.

சௌந்திரம் குழந்தையை ஈரமணலில் நிறுத்தியிருந்தாள். இரண்டு கையையும் பிடித்திருந்தவள் மெல்ல விட்டாள். குழந்தை ஆடியது, நின்றது, ஒரு காலை எடுத்து வைத்தது. பிறகு இன்னொரு கால். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, தண்ணீரைப் பார்த்து, இந்தக் கரையைப் பார்த்து நடந்து வந்தது. பொத்தென்று உட்கார்ந்தது.

"ஏனுங்க்கா, சோதிக்கறதுன்னா சோதிங்க. இல்லீன்னா உடுங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் கல்லில் இருந்தவள்.

"போ சாமி" என்றாள் பழனியம்மாள், அவளைப் பார்க்காமலேயே.

அவள் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். பகல் காவல்காரன் ஓடி வந்தான். "ஏனக்கா, அது அரிசியில்ல?"

"அரிசிதான்."

"தெரிஞ்சா உட்டே?"

"தெரிஞ்சுதான் உட்டேன்."

அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. தெரிந்து ஒருத்தியை விட்டபின் இன்னொருத்தியை மறிக்க அவளால் ஆகாது. முரண்டு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நியாயம் அந்தப் பெண்ணோடு பஸ் ஏறிப் போய்விட்டது. தனக்குக் கொடுத்திருந்த விசிலைக் கொட்டகைக் கழியில் மாட்டிவிட்டு நேரே தலைவரிடம் போனாள்.

"இன்னியோட செரிங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? மானியம் நின்னா ஊரு என்னயத்தான கேக்கும்?"

"கேக்கட்டுமுங். இத்தன நாளு என்னயக் கேட்டாங்க. இனி உங்களயும் சித்தக் கேக்கட்டும்."

"உன்ற சம்பந்தி உன்னய ஊட்டுக்குள்ள உடுவாளா? வருசம் ஒண்ணுக்கு மேல ஆச்சு. சும்மா கோவத்துல சொன்ன பேச்ச நம்பி இருக்கற கஞ்சியையும் கெடுத்துக்கற."

அவள் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னே தலைக்கு ஊற்றிக்கொண்டு, பெட்டியிலிருந்த நல்ல சீலையை எடுத்துக் கட்டினாள். அரைகுறையாக ஈரம் உலர்ந்த தலையை முடிந்துகொண்டு வெளியே வந்தாள். பாப்பாயி தன் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனக்கா, தொறைக்கா? கொண்டயெல்லாம் பலமா இருக்குது."

"என்ற பேத்தியப் பாக்கப் போறேன்."

பாப்பாயி வாளியை அப்படியே வைத்தாள். "அப்ப கொட்டாயில ஆரு இருப்பா? மானியம் என்னாவறது? எங்கூட்டுக்காரருக்கு..."

"நீதான் போய் உக்காரேன். உனக்குத் தெரியாத முடிச்சா?"

"அதில்லக்கா... சம்பந்தி உள்ள வரக்கூடாதுன்னா என்ன பண்ணுவே?"

பழனியம்மாள் கதவை இழுத்து நாதாங்கி போட்டாள். இந்தப் பாப்பாயியிடம் அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஊர் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு முன்னால் அது பரிசலேறி அங்கம்மாள் காதுக்குப் போய்விடும்.

"வரக்கூடாதுன்னா வாசல்ல உக்காந்திருப்பேன்" என்றாள். "புள்ளதான் நடக்குதே. அது வெளிய வராமயா இருக்கும்?"

படியிறங்கித் துறைப்பக்கம் நடந்தாள்.